மதுரைக் கண்மாய்களில் தூண்டில் போட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் இவை பாசனத்துக்காக வெட்டிக் கரை போட்ட நீர்நிலைகள். உள்ளே நீந்துவதும் பெரும்பாலும் யாரோ ஏலம் எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிற மீன். யார் மீன், எவ்வளவு தண்ணீர் என்ற இரண்டையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் கைப்பழக்கம்தான்.

எந்த மாதத்தில் போகலாம்?

தை முதல் பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். மானாவாரிக் கண்மாய்கள் அதில்தான் நிறையும். பெரியாறு, வைகைத் தண்ணீர் வரும் கண்மாய்களில் அணை திறப்பைப் பொறுத்து இது முன்பின்னாகும். நிறைந்த கையோடு ஓடுவதில் பயனில்லை. தண்ணீர் செங்கலங்கலாக இருக்கும், மீன் கண்மாய் முழுக்கப் பரவிக் கிடக்கும், விட்ட குஞ்சும் விரல் நீளம்தான் இருக்கும். தை பிறந்தபின் தண்ணீர் தெளியும். வயலுக்குப் பாயப் பாய மட்டம் இறங்கி மீன் ஆழமான இடங்களில் சேரும். அதுதான் சரியான காலம்.

சித்திரை, வைகாசியில் பல கண்மாய்கள் குட்டையாகச் சுருங்கிவிடும். குத்தகைதாரர் வலை இறக்குவதும் அப்போதுதான். ஆடி, ஆவணியில் அணைகளைத் தவிர வேறெங்கும் தண்ணீரை நம்பிப் போக முடியாது. காற்றும் தூண்டிலின் மிதவைத் தக்கையை ஒரு இடத்தில் நிற்க விடாது.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இந்தக் கேள்விதான். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத்துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவார்கள். ஊரில் இதை ‘மீன்பாசி குத்தகை’ என்பார்கள். குத்தகைக் கணக்கு பசலி ஆண்டுப்படி ஓடும், அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. போன வருடம் அனுமதி தந்தவரிடமே இந்த வருடமும் குத்தகை இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஜூலைக்குப் பிறகு ஆள் மாறியிருக்கலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஊர் டீக்கடையில் கண்மாயின் பேரைச் சொல்லி, ‘மீன்பாசி யார் எடுத்திருக்காங்கண்ணே?’ என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் பேரும் செல்போன் நம்பரும் கிடைத்துவிடும். குத்தகைதாரரிடம் பேசும்போது எத்தனை பேர், எத்தனை தூண்டில், எத்தனை மணி வரை என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிலர் தூண்டில் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், சிலர் பிடித்த மீனைக் கரையிலேயே எடை போட்டு விலை சொல்வார்கள். எது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மீனைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

குத்தகைக்கே போகாத கண்மாய்களும் உண்டு. அங்கே ஊர்க் கட்டுப்பாடு இருக்கும். மேலூர்ப் பக்கம் ஊர்த் தலைவரான அம்பலக்காரரிடமும் மற்ற ஊர்களில் ஊராட்சித் தலைவரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்டுவிட்டுத்தான் கரை ஏற வேண்டும்.

மீன்பிடித் திருவிழாவில் வெளியூர்க்காரர் கலந்துகொள்ளலாமா?

பல ஊர்களில் கலந்துகொள்ளலாம். அறுவடை முடிந்து தண்ணீர் முழங்கால், இடுப்பு அளவுக்கு வற்றியதும் ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிப்பார்கள். அன்று காலை சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தா (அடியில்லாத கூம்பு வடிவக் கூடை), கச்சா முதலிய வலைகள், கூடை என்று அவரவர் கொண்டுவந்ததை வைத்துப் பிடிப்பார்கள். தூண்டிலுக்கு அங்கே இடமில்லை. நூற்றுக்கணக்கான கால்களுக்கு நடுவே முள்ளை வீசினால் ஆளைத்தான் பிடிக்கும்.

திட்டமிடுகிறவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. திருவிழாவுக்காக விட்டுவைத்த கண்மாயில் அதுவரை யாருமே மீன் பிடிக்கக் கூடாது என்பது பல ஊர்களின் வழக்கம். மாசியில் நீர் நிறைய மீனும் கரையில் ஒரு ஆள்கூட இல்லாமலும் ஒரு கண்மாயைப் பார்த்தால், அதிர்ஷ்டம் என்று நினைத்துத் தூண்டிலை எடுக்காதீர்கள். கேளுங்கள்.

எங்கெல்லாம் தூண்டில் போடவே கூடாது?

கோயில் தெப்பக்குளங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் வண்டியூர்க் கண்மாயும் வேறு வேறு என்பதை வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது கோயிலுடையது. அதேபோல ஊருணிகள். குடிதண்ணீருக்காக வைத்திருப்பதில் காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

பறவைகள் சரணாலயங்களிலும் கூடாது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள், ராமநாதபுரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர், சக்கரக்கோட்டை எல்லாம் இதில் சேரும். கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். அந்த ஊரில் போய் மீனுக்குப் போட்டி போட வேண்டாம். கொடைக்கானல் மேலே பேரிஜம் ஏரி, வனத்துறை அனுமதியோடு பார்த்துவிட்டு வரும் இடம் மட்டுமே. அமராவதி அணைப் பக்கம் போகிறவர்கள் அங்கே முதலை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

சாக்கடை கலக்கும் நகரக் கண்மாய்களில் பிடிக்கத் தடை இல்லாவிட்டாலும் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். செல்லூர், அயன் பாப்பாகுடி போன்றவற்றின் நிலை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். உபரித் தண்ணீர் வெளியேறி மறுகால் பாயும் இடத்தில் வெள்ளை நுரை மிதந்தால் அது போதுமான எச்சரிக்கை.

வைகை அணைக்கு ஒரு நாளில் போய் வர முடியுமா?

முடியும். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக ஏறத்தாழ 70 கி.மீ. ஆரப்பாளையத்திலிருந்து தேனி பஸ்ஸில் ஆண்டிபட்டியில் இறங்கி அங்கிருந்து அணைக்குப் போகலாம். போடி ரயிலும் ஆண்டிபட்டியில் நிற்கும், ஆனால் அதன் நேரம் விடிகாலை மீன்பிடிப்புக்குத் தோதுப்படாது. சொந்த வண்டி இருந்தால் நாலு மணிக்குக் கிளம்பி வெளுக்கும்போது கரையில் இருக்கலாம்.

நீர்த்தேக்கத்திலும் மீன் உரிமை ஒருவரிடம் இருக்கும். அணையை ஒட்டிய மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் உட்காருங்கள். அணைச் சுவர், மதகு, பூங்காவை ஒட்டிய பகுதி எல்லாம் பாதுகாப்பு எல்லை.

அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவதாக இருந்தால் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அன்றாட நீர்மட்டம் செய்தித்தாளிலேயே வரும். 66-ஐத் தொட்டுவிட்டால் ஆற்றுப் பக்கத் திட்டத்தைக் கைவிடுங்கள். மேலே மழை இல்லாவிட்டாலும் தண்ணீர் வரும். சித்திரைத் திருவிழாவுக்கும் தண்ணீர் திறப்பார்கள் என்பதால் அந்த வாரமும் ஆறு ஆகாது.

என்னென்ன மீன் கிடைக்கும்?

வளர்ப்பு மீன்களில் கட்லா, ரோகு, மிர்கால், புல்லுக்கெண்டை, சாதாக்கெண்டை. நல்ல தீனி உள்ள தண்ணீரில் கட்லா ஒரு வருடத்தில் ஒரு கிலோவைத் தொடும். ஆனால் ஆறேழு மாதமே தண்ணீர் நிற்கும் கண்மாயில் அரைக்கிலோ, முக்கால் கிலோதான் எதிர்பார்க்கலாம். தானாக வளர்வதில் விரால், குறவை, கெளுத்தி, தேளி, ஆரால், உளுவை, அயிரை, பல வகைச் சில்லறைக் கெண்டைகள். எல்லா இடத்திலும் ஜிலேபி (திலாப்பியா). 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் இன்று சாக்கடை ஓரக் குட்டை வரை புகுந்துவிட்டது. முதல்முறை தூண்டில் பிடிக்கிறவருக்கு அது ஒரு வகையில் வசதி. எப்படியும் ஜிலேபி கடிக்கும்.

என்ன சாமான் வாங்க வேண்டும்?

குறைவாக வாங்குங்கள். கண்மாய்க்கு 7 அல்லது 8 அடி மடக்கு ராடு, நடுத்தர ரீல், 0.25 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு) 100 மீட்டர் போதும். பெரிய மீன் உள்ள அணைக்கு 0.30 அல்லது 0.35 மி.மீ. மூங்கில் கம்பையும் லேசாக நினைக்காதீர்கள். 10 அடிக் கம்பில் அதே நீளத்துக்கு நரம்பு கட்டினால் கரையோர ஜிலேபிக்கும் கெண்டைக்கும் ரீலை விட வேகமானது.

முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும். சில்லறைக் கெண்டைக்கு 12 அல்லது 14, ஜிலேபிக்கு 8 அல்லது 10, கட்லா ரோகு வகைக்கு 4 முதல் 6. புதிதாக வருகிறவர்கள் பெரிய மீன் வேண்டும் என்று பெரிய முள்ளாக வாங்குவார்கள். மீன் இரையை மட்டும் கொத்திவிட்டுப் போய்விடும். மீனின் வாயைப் பாருங்கள். ஒரு கிலோ ரோகுவின் வாயே சிறியதுதான்.

இவற்றோடு மூக்குக் குறடு, சின்னக் கத்தரி, கைவலை, பழைய துண்டு, ஐஸ் பெட்டி, ஆளுக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர். சுடுதண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்க்கும் வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

தூண்டிலை எப்படிக் கட்டுவது?

முடிச்சில் தொடங்குவோம், பெரிய மீன் தப்புவது பெரும்பாலும் அங்கேதான். நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து, அதே நரம்பின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும் சின்னக் கண்ணியில் நுனியைத் திரும்ப நுழையுங்கள். இப்போது எச்சிலால் நனைத்துவிட்டு மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பைச் சரக்கென்று இழுத்தால் உராய்வில் சூடேறி அந்த இடம் சுருண்டு வெளுத்துவிடும். வெளுத்த முடிச்சு அரைக்கிலோ மீனுக்கே அறுந்துபோகும். அப்படித் தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டு. அதற்கு மேலே தக்கை, நகர்த்தக்கூடியதாக. தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஈயம் சேர்க்க வேண்டும். முக்கால்வாசித் தக்கை மேலே மிதந்தால் மீன் இழுக்கும்போது அதன் பாரத்தை உணர்ந்து இரையைத் துப்பிவிடும்.

அடுத்து ஆழம் பார்ப்பது. இரை வைக்காமல் முள்ளில் ஒரு கனமான ஈயத்தை மாட்டிப் போடுங்கள். தக்கை முழுகிப்போனால் ஆழம் அதிகம், தக்கையை மேலே நகர்த்துங்கள். சாய்ந்து படுத்தால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரிந்தால் முள் தரையைத் தொடுகிறது. அதிலிருந்து கணக்கு: மிர்காலும் சாதாக்கெண்டையும் தரையில் மேய்பவை, ரோகு நடுத்தண்ணீரில், கட்லா மேல்தண்ணீரில். தரையில் கிடக்கும் இரையைக் கட்லா கீழே வந்து தேடும் என்று நாள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. அதன் வாய் மேல்நோக்கி அமைந்திருக்கிறது, மேலே மிதக்கும் நுண்ணுயிர்தான் அதன் உணவு. கட்லா வேண்டுமென்றால் முள்ளை மூன்றடி ஆழத்துக்குள் தொங்கவிடுங்கள்.

என்ன இரை? மாவு தண்ணீரில் கரைந்துவிடுகிறதே?

ஜிலேபி, கெளுத்தி, ஆராலுக்கு மண்புழு. கட்லா, ரோகு, மிர்காலுக்கு மாவு. 200 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் சலித்த கடலைப்புண்ணாக்குத் தூள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள், சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இறுக்கமாக வர வேண்டும். கரையாமல் இருக்க, நெல்லிக்காய் அளவு பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். நார் போலப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் முள்ளில் நிற்கும். முள்ளின் நுனி லேசாக வெளியே தெரிய வேண்டும். மாவை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் மூன்று மணி நேரத்தில் புளித்து நெகிழ்ந்துவிடும்.

மீனைக் கூட்டுவதற்குத் தவிடு ஒரு கிலோ, ஊறவைத்த கடலைப்புண்ணாக்கு கால் கிலோ. ஆரஞ்சுப் பழ அளவில் உருட்டி, தொடக்கத்தில் நாலு உருண்டை, பிறகு அரை மணிக்கு ஒன்று, எல்லாம் ஒரே இடத்தில். ஆர்வத்தில் மொத்தத்தையும் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து உங்கள் முள்ளைத் திரும்பிப் பார்க்காது. மிஞ்சியது அடியில் அழுகித் தண்ணீரையும் கெடுக்கும்.

கண்மாயில் எந்த இடத்தில் உட்காருவது?

கண்மாயின் அமைப்பு தெரிந்தால் இது எளிது. கரை போட்ட பக்கம்தான் பள்ளம், வயலுக்குத் தண்ணீர் விடும் மடையை ஒட்டி இன்னும் ஆழம். எதிர்ப்பக்கம், வரத்துக்கால் வந்து சேரும் இடம், மேடு. பகல் வெயிலில் மீன் மடைப் பக்கப் பள்ளத்தில் நிற்கும். காலையிலும் மாலையிலும் மேடான பக்கம் மேய வரும். அதனால் ஆறு மணிக்கு ஓரத்தில் தொடங்கி, ஒன்பது மணிக்கு மேல் கரைப் பக்கம் மாறுங்கள்.

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கே மிதக்கும் தீனி ஒதுங்கும், மீனும் வரும். எதிர்க்காற்றில் வீசுவது சிரமம்தான், ஆனாலும் அந்தக் கரையே நல்லது. தண்ணீர் தெளிவாக இருக்கும் ஓரத்தில் தட்டு அளவுக்கு வட்டமான குழிகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஜிலேபி கட்டிய கூடு. கண்மாயின் நடுவே மொட்டையாக நிற்கும் கருவேல மரங்களின் அடியிலும் மீன் நிற்கும். ஆனால் போட்ட முள்ளெல்லாம் அங்கேயே மாட்டும், தள்ளிப் போடுங்கள்.

படித்துறையில் ஆட்கள் குளிக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். கரையில் அய்யனாரோ கருப்போ இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடந்து போங்கள்.

தக்கை ஆடுகிறது. எப்போது இழுப்பது?

ஆட்டத்தைப் படிக்கப் பழக வேண்டும். படபடவென்று நடுங்கி ஓய்ந்தால் சில்லறைக் கெண்டை கொத்துகிறது, விட்டுவிடுங்கள். நடுங்கிப் பக்கவாட்டில் நகர்ந்தால் ஜிலேபி, நகரத் தொடங்கியதும் சுண்டுங்கள். நேராக உள்ளே போனால் கெளுத்தி. தக்கை மேலே எழும்பிப் படுத்தால் தரையில் மேயும் மிர்காலோ சாதாக்கெண்டையோ இரையைக் கவ்வித் தலையைத் தூக்கியிருக்கிறது. ஈயத்தின் பாரம் போனதால் தக்கை எழும்புகிறது. பலர் இதைக் கடி என்றே நினைப்பதில்லை. உடனே சுண்ட வேண்டிய கடி இதுதான்.

சுண்டுவது மணிக்கட்டு அசைவு. தோளிலிருந்து இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும்.

விரால் பிடிக்கத் தனி முறை உண்டா?

உண்டு, பொறுமையும் வேறு. விரால் காற்றைக் குடித்து வாழும் மீன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். தாமரை, சம்பை, ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரத்தில் சத்தம் போடாமல் நின்று தண்ணீரைப் பாருங்கள். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தமும் சின்ன வளையமும் எழும். அந்த இடத்துக்கு நாலடி தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, இலைகளின் மேலாக விட்டு விட்டு இழுங்கள். தண்ணீர் வெடித்ததும் கை பரபரக்கும். அப்போதே சுண்டினால் தவளை மட்டும் வெறுமனே பறந்து வரும். ஒன்று, இரண்டு எண்ணி, நரம்பில் பாரம் தெரிந்தபின் ஓங்கிச் சுண்டுங்கள். செடிக்குள் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க இதற்குப் பின்னல் நரம்பு வேண்டும், 10 கிலோவுக்குக் குறையாமல் தாங்கக்கூடியது. உயிர்த் தவளையைக் குத்துவது வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் விரால் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் பந்து போலத் திரண்டு மேலே வந்து வந்து போகும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் காவல் மீன் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கெளுத்தியும் ஜிலேபியும் சேர்ந்து அந்தக் குஞ்சு மொத்தத்தையும் தின்று தீர்த்துவிடும். ஆரஞ்சுப் பந்து தெரிந்தால் அந்த ஓரத்தை விட்டு விலகுங்கள்.

மீன் மேலே துள்ளுகிறது, ஆனால் கடிக்கவே இல்லை. ஏன்?

துள்ளுகிறதா, வாய் பிளந்து நிற்கிறதா என்று பாருங்கள். பாசி படர்ந்த கண்மாயில் இரவு முழுக்கப் பாசியும் சேர்ந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். விடியும்போது தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். மந்தார நாட்களுக்கு அடுத்த காலையில் இன்னும் மோசம். மீன்கள் வரிசையாக மேலே வந்து வாயைப் பிளந்தால் அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. எதைப் போட்டாலும் தின்னாது. வெயில் ஏறி ஒன்பது மணி ஆகட்டும். குத்தகைதாரரிடமும் சொல்லிவிடுங்கள், அவருக்கு அது உதவி.

மற்ற காரணங்கள்: முந்தின நாள் வலை இழுத்திருப்பார்கள், மடை திறந்து மட்டம் திடீரென்று இறங்கியிருக்கும், கரையில் உங்கள் காலடி அதிர்வும் நிழலும் தண்ணீரில் விழுந்திருக்கும்.

கெளுத்தி, தேளி குத்தினால் என்ன செய்வது?

பிளாஸ்க் இதற்காகத்தான். இரண்டுக்கும் செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக முள் உண்டு, கெளுத்திக்கு முதுகிலும் ஒன்று. தேளியின் முள்ளில் விஷம் கடுமையானது, வலி தோள் வரை ஏறும். குத்திய இடத்தைக் கழுவி, முள் துண்டு இருந்தால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். வீக்கம் கூடினாலோ மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரி. எப்படியும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

பிடிக்கும்போது துண்டால் சுற்றி, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கெளுத்தியைத் தரையில் போட்டு மிதிக்காதீர்கள், செருப்பைத் துளைத்து ஏறும்.

வேறென்ன ஆபத்து?

பெரிய ஆபத்து பள்ளம். மண் அள்ளிய கண்மாய்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும், மேலிருந்து தெரியாது. சகதியில் கால் புதைந்தால் இழுக்க இழுக்க இறங்கும். மாட்டிய முள்ளை எடுக்க உள்ளே இறங்க வேண்டாம். முள் இரண்டு ரூபாய்தான், நரம்பை அறுத்துவிடுங்கள். திறந்திருக்கும் மடைப் பக்கமும் மறுகால் பாயும் கலுங்கின் மேலும் நிற்காதீர்கள்.

கரையின் கல் இடுக்குகளிலும் புதரிலும் பாம்பு இருக்கும். தண்ணீர்ப்பாம்புக்கு விஷமில்லை, கண்ணாடி விரியனுக்கு உண்டு. கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்குங்கள். கரைதான் சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம், ராடும் மின்னலை இழுக்கும். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, கண்மாய்த் தண்ணீரில் நனைக்காதீர்கள்.

ஆமை மாட்டிவிட்டது. என்ன செய்ய?

மண்புழு வைத்தால் பாலாமை மாட்டுவது சகஜம். 1972-ஆம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. வைத்திருப்பதே குற்றம். ஓட்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, முள் உதட்டில் இருந்தால் குறடால் கழற்றுங்கள். விழுங்கியிருந்தால் வாய்க்கு அருகில் நரம்பை வெட்டிவிட்டுத் தண்ணீரில் விடுங்கள்.

எந்த மீனைத் திரும்ப விடலாம், எதை விடக் கூடாது?

கையளவுக்குக் குறைந்த கட்லா, ரோகு, விரால், முட்டை நிறைந்த மீன்களை விடுங்கள். கையை நனைத்துவிட்டுப் பிடியுங்கள். காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், அது போனால் புண் வந்து சாகும். விடக் கூடாதவை இரண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி, இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்டது, அயிரை முதல் எதையும் தின்னும். இன்னொன்று மீன்தொட்டியில் ‘டேங்க் கிளீனர்’ என்று வளர்க்கும் கவசத் தோல் மீன். இரண்டும் பெரிய மீன்தானே என்று வேறு கண்மாயில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

இருட்டியபின் வெடியும் விஷமும் கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் ஊரில் சொல்லுங்கள். 1897-ஆம் வருட மீன்பிடிச் சட்டத்திலிருந்தே இரண்டும் குற்றம். அந்த இடத்தில் அந்த வருடம் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது.

பிடித்த மீனை வீடு வரை எப்படிக் கொண்டுபோவது? மண்வாடை போக வழி?

மதுரை வெயிலில் மீனும் ஐஸும் சம எடை. ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று வைத்து, உருகும் தண்ணீர் வெளியேற வழி விடுங்கள். குடலைக் கரையிலேயே எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விராலை ஈரச்சாக்கில் உயிரோடு கொண்டுபோகலாம்.

மண்வாடை மண்ணால் வருவதில்லை. பாசியும் அடிச்சேற்று நுண்ணுயிரும் உண்டாக்கும் ஒரு பொருள் தசையில் சேர்வதால் வருகிறது. புளிப்பு அதைச் சிதைக்கும், அதனால்தான் கெட்டிப் புளியில் வைத்த கண்மாய் மீன் குழம்பில் வாடை தெரிவதில்லை. கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். வறுப்பதாக இருந்தால் தோலையும் நடுவில் ஓடும் கருஞ்சதையையும் நீக்கிவிடுங்கள். அயிரைக்கு வேறு வழி: உயிரோடு மோரிலோ பாலிலோ விட்டால் வயிற்றுச் சேற்றைக் கக்கும், பிறகு மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரச வேண்டும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மூங்கில் கம்பு, எண் 10 முள், மண்புழு, ஜிலேபி இருக்கும் மேடான ஓரம். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில், கையெட்டும் தூரத்தில். முள்ளின் கொக்கி நாக்கைக் குறடால் அமுக்கிவிட்டால் விரலில் குத்தினாலும் சட்டென்று கழன்று வரும். பத்து மணிக்கு மேல் வெயிலில் உட்கார வைக்காதீர்கள்.

அறுந்த நரம்பை என்ன செய்வது?

கரையில் போட்டால் கொக்கின் காலிலும் நாரையின் அலகிலும் சுற்றும், மேயும் மாடு புல்லோடு விழுங்கும். தங்கூஸ் மக்காது. அறுந்ததைக் கையில் சுற்றி, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மரத்தில் மாட்டியதையும் எட்டும் வரை இழுத்து வெட்டுங்கள்.